பிளைவூட் கவச வாகனத்தையும் அதற்குள் இருக்கும் ஏ-40 காரையும் பிரிக்காமல் விடுவிக்கக் கோரல்

அனுப்புநர்:
திருமதி பத்மாசினி சிவகுருநாதன்,
வரலாற்றுப் பாட ஆசிரியை,
ஆலங்கொல்லை மகளிர் கல்லூரி,
ஆலங்கொல்லை, உடுப்பிட்டி.

பெறுநர்:
உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

விடயம்: ஆலங்கொல்லைப் பொலிஸ் நிலைய வளவில் 04.09.2025 முதல் தடுத்து வைக்கப்பட்டுள்ள வாகனம் தொடர்பானது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு படிப்பித்து வருகிறேன். இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் புகார் மனு எழுதியதில்லை. எழுதுபவர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததுமில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்க முந்துகின்ற இரு தரப்பினருக்கிடையில் நான் அகப்பட்டிருப்பதே. சண்டை பிடிப்பவர்களைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியும். இவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

2. எனது மாணவிகள் சாருஜா, தர்சினி இருவரும் எதிர்வரும் 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை நடைபெறவுள்ள வலய மட்ட வரலாற்றுக் கண்காட்சிக்காக முழு அளவிலான ஒரு கவச வாகன மாதிரியைச் செய்தார்கள். அது பிளைவூட்டால் ஆனது. அதைத் தாங்கி நிற்பது, எங்கள் சந்தியில் நீண்டகாலமாக வாடகைக்கு ஓடும் திரு. ஆழ்வாப்பிள்ளை அவர்களின் ஏ-40 ஒஸ்ரின் கார். மாதிரியும் காரும் சேர்ந்து இப்போது பொலிஸ் நிலைய வளவில் வேப்பமரத்தின் கீழ் நிற்கின்றன. இரண்டும் பிரிக்கப்படாமல், உடைக்கப்படாமல், கண்காட்சிக்கு முன் திரும்பி வரவேண்டும். எனது கோரிக்கை இவ்வளவுதான். எஞ்சியவை விளக்கம்.

3. முதலில் இப்படி ஒரு தலைப்பு ஏன் என்ற கேள்வி தங்களுக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. கண்காட்சிக்கு ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வலயத்திலிருந்து குறைந்தது ஆறு கோட்டைகள் வரும். எல்லாம் கார்ட்போட்டால் ஆனவை, எல்லாவற்றிலும் ஒரு மூலை மழையில் நனைந்திருக்கும். நானும் கோட்டையையே எதிர்பார்த்திருந்தேன். சாருஜா, போர் இல்லாத காலத்துப் படைகள் செய்துபார்த்த முதல் கவச வாகனங்களைப் பற்றிச் செய்யப்போவதாகச் சொன்னபோது, வேறு ஏதாவது யோசிக்கும்படி திருப்பி அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து அதே தலைப்புடன் வந்தாள். காரணம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"சண்டைக்காலத்து வாகனத்தை இஞ்சை எல்லாருக்கும் தெரியும், ரீச்சர். சண்டை இல்லாத நேரத்திலை ஆமிக்காரர் இருந்து என்ன செய்தவை எண்டு ஆருக்கும் தெரியாது."

அப்படியான வாகனங்களை எங்கள் ஒழுங்கையில் நான் பார்த்த வயதில் அவற்றின் சோதனைக் காலம் முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சாருஜா அவை போன பிறகு வளர்ந்தவள். அவளுக்கு அது ஒரு பாடம். அது அவளுக்குப் பாடமாக மட்டும் இருக்கிறதே என்ற எண்ணத்தில்தான் அனுமதி கொடுத்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

4. அவர்கள் திரட்டிய தகவல்களை நான் வழக்கம்போல நம்பாமல் நூல்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தன. 1899ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒருவர் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன்னால் இயந்திரத் துப்பாக்கியையும் சிறிய கேடயம் ஒன்றையும் பூட்டினார். கேடயம் முன்பக்கத்தை மட்டும் மறைத்தது. எதிரி பக்கவாட்டில் நின்றால் என்ன செய்வது என்பது யோசிக்கப்படவில்லை. 1902இல் அவரே முழுதாகக் கவசமிட்ட கார் ஒன்றை இலண்டனில் காட்சிக்கு வைத்தார். வந்தவர்கள் வியந்தார்கள். இராணுவம் வாங்கவில்லை. சில ஆண்டுகளின் பின் ஒஸ்திரியாவில் படைப் பயிற்சி ஒன்றில் இன்னொரு கவசக் கார் காட்டப்பட்டது. அதன் சத்தத்துக்குக் குதிரைகள் மிரண்டு ஓடியதாகவும், அதனாலேயே பேரரசர் அதை வேண்டாம் என்றதாகவும் சொல்லப்படுகிறது. முதலாம் உலகப் போரின் பின் டாங்கிகள் வைத்திருக்கத் தடைசெய்யப்பட்ட ஜேர்மன் படையோ, சாதாரணக் கார்களின் மேல் பலகையும் தகரமும் துணியும் கட்டி, அவற்றை டாங்கிகள் என்று பாவித்துப் பயிற்சி எடுத்தது.

ஆகவே, ஐயா, காரின் மேல் பலகையைக் கட்டிவிட்டு அதைக் கவச வாகனம் என்பது இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டு அல்ல. பெரிய படைகள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை.

5. வாகனத்தின் அமைப்பைத் தங்கள் விசாரணைக்காகக் குறிப்பிடுகிறேன். பலகைகளை அளந்து அறுத்துத் தந்தவர் தச்சு வேலை செய்யும் ஜெனிஸ்ரன். மேலே உள்ள சுழலும் கூண்டு, அடி வெட்டப்பட்ட தண்ணீர்ப் பீப்பா. அது சுழலாது. துப்பாக்கி என்று பதிவாகியிருப்பது வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்ரிக் குழாய். அதன் உட்புறத்தில் இப்போதும் மண் உண்டு. சாம்பல் நிறப் பெயின்ற் முன்புறத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டுமே போதுமாக இருந்தது. பின்புறத்துக்கு, கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் கிடைத்தது. அதனால் பின்னால் வருபவர்களுக்கு அந்த வாகனம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோயில் மதிலாகவே தெரியும். உலகில் எந்தப் படையும் தனது கவச வாகனத்துக்கு இந்த நிறம் பூசியதாக நான் வாசித்ததில்லை.

தன் காரில் ஓர் ஆணிகூட ஏறக்கூடாது என்பது திரு. ஆழ்வாப்பிள்ளையின் நிபந்தனை. ஆகையால் பலகைகள் முழுவதும் தும்புக் கயிற்றாலும் பழைய சைக்கிள் ரியூப்பாலும் முடிச்சுப் போட்டே கட்டப்பட்டன. இந்த முடிச்சுகளைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவற்றுக்கு இவையே காரணம்.

6. மாதிரி எதிர்பார்த்ததற்கு முன்பே முடிந்துவிட்டது. அளவு சரிபார்த்துப் புகைப்படம் எடுத்தபின் பலகைகளைக் கழற்றிப் பாடசாலையில் வைப்பது, கண்காட்சிக்கு முதல் நாள் மீண்டும் கட்டுவது என்பதே ஏற்பாடு. ஆனால் புதிதாக இறக்கிய எந்த வாகனமும் வைரவர் கோயிலுக்குப் போகாமல் வேறெங்கும் போகக்கூடாது என்று திரு. ஆழ்வாப்பிள்ளை சொல்லிவிட்டார். இது புதிய வாகனம் அல்ல, என்னைவிட வயது கூடிய கார் என்று எடுத்துச் சொன்னேன். "கார் பழசுதான் ரீச்சர், வேசம் புதுசெல்லோ" என்றார். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி, முன்னால் மாலையும் போட்டாயிற்று. விசாரணைக் கோப்பில் உள்ள "பூசை செய்யப்பட்ட அடையாளங்கள்" என்ற வரிக்கு இதுவே விளக்கம். அதில் வேறு பொருள் தேடவேண்டியதில்லை.

7. மறுநாள் வியாழக்கிழமை காலையில், எங்கள் ஊர் கீர்த்திகனின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை மண்டபத்துக்கு ஏற்றிச் செல்ல அதே கார் பல மாதங்களுக்கு முன்பே பேசப்பட்டிருந்தது. எனவே புதன்கிழமை பின்னேரம் ஜெனிஸ்ரன் பலகைகளைக் கழற்ற வந்தார். முதல் முடிச்சில் கைவைத்ததும் திரு. ஆழ்வாப்பிள்ளை தடுத்தார். எனது முன்னிலையில் நடந்தது என்பதால் அவரது சொற்களை உறுதியாகத் தரமுடியும்:

"நாளைக்குத் தாலி கட்டப் போற பொடியன் ஏறுற காரிலை, இண்டைக்கு முடிச்சு அவிழ்க்கிறதோ? நல்ல வேலை தம்பி."

ஜெனிஸ்ரன் வேதக்காரர். கிறிஸ்தவர்களிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் உன் கலியாணத்துக்கு அவிழ்க்கலாம் என்று பதில் வந்தது. வேறு கார் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். நல்ல நாள் என்பதால் வடமராட்சியில் ஒரு காரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பதற்காகப் போனோம். அவர்கள் மறுப்பார்கள் என்று நம்பினேன். கீர்த்திகனின் தாயார் சிறிது யோசித்துவிட்டு, முடிச்சை அவிழ்ப்பதுதான் கூடாது, பலகை இருந்தால் ஒன்றும் இல்லை என்றார். எனது பட்டப்படிப்பில் இதற்கு எதிரான வாதம் எதையும் கற்பிக்கவில்லை.

8. 04.09.2025 காலை சந்தியில் சம்பவம் நடந்தவேளை நான் அங்கு இருக்கவில்லை. பின்வருவது சாரதி, மாப்பிள்ளை, கடமையில் இருந்த கான்ஸ்டபிள் கஜீவன் ஆகிய மூவரின் கூற்றுகளும் ஒத்துப்போகும் பகுதி மட்டுமே.

பட்டுத் தலைப்பாகையுடன் காருக்குள் நிமிர்ந்து இருக்க முடியாததால், காரின் மேற்பகுதியில் ஏற்கெனவே இருந்த திறப்பு வழியாகக் கீர்த்திகன் பீப்பாவுக்குள் எழுந்து நின்றார். நெஞ்சுக்கு மேல் வெளியே தெரிந்தது. சந்திக்குக் கிட்டே காரின் புகைக்குழாய் ஒரு முறை வெடிபோலச் சத்தமிட்டது. இது பெற்றோல் இல்லாத ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய இயந்திரம். இன்று முழுக்கப் பெற்றோலில் ஓடினாலும் இடையிடையே அந்தக் காலத்தை நினைத்துக்கொள்ளும். கான்ஸ்டபிள் கஜீவன் கையைக் காட்டினார். கார் நின்றது, ஆனால் காட்டிய இடத்தில் அல்ல. ஏ-40க்கு நிற்பதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

கான்ஸ்டபிள் மேலே பார்த்து, "நீர் ஆர்?" என்று கேட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை."

"அதுக்கேன் அதுக்குள்ளை நிக்கிறீர்?"

"இருந்தால் தலைப்பாகை கழண்டுபோம் அண்ணை. முகூர்த்தத்துக்கு நேரமாகுது, விடுங்கோ."

9. இந்த இடத்தில் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எனது நன்றியைப் பதிவு செய்வது நியாயம். அவர் நிலைமையை உடனே புரிந்துகொண்டு, மாப்பிள்ளையையும் தோழனையும் பொலிஸ் ஜீப்பிலேயே மண்டபத்துக்கு அனுப்பினார். தாலி உரிய நேரத்தில் கட்டப்பட்டது. மாப்பிள்ளை பொலிஸ் ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்துப் பெண்வீட்டார் சிலர் கலங்கியதாகவும், ஜீப் திரும்பிப் போனபின் தெளிந்ததாகவும் அறிகிறேன். பொறுப்பதிகாரி மத்தியானம் வந்து சாப்பிட்டு, வடை நன்றாக இருந்தது என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டும் போனார். யார் மீதும் வழக்கு இல்லை, யாரும் தடுத்து வைக்கப்படவில்லை. முன்னறிவித்தல் இல்லாமல் இப்படியான தோற்றத்துடன் வீதிக்கு வந்தது எங்கள் தவறு. அதை நான் மறுக்கவில்லை.

10. புகார் இனித்தான் வருகிறது. அன்று காலை அவசரத்தில் பதிவு எழுதியவர், கண்ணால் கண்டதை நேர்மையாக "கவச வாகனம் – ஒன்று" என்று எழுதிவிட்டார். கார் என்று எழுதியிருந்தால் அன்று மாலையே நிலையத்தால் விடுவித்திருக்க முடியும். கவச வாகனத்தை விடுவிக்கும் அதிகாரம் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு இல்லையாம். ஆகையால் இராணுவத்திடம் கேட்டார்கள். ஓர் அதிகாரி வந்து சுற்றிப் பார்த்தார். பக்கத்தை விரலால் தட்டினார். மீண்டும் தட்டினார். பின்புறம் போய்க் கோயில் மதிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். இது இராணுவத்தினுடையது அல்ல, இராணுவத்திடம் உள்ளவற்றில் ஒன்றும் இவ்வளவு அழகாக இல்லை என்று கான்ஸ்டபிள் கஜீவன் மூலம் எனக்குச் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஓர் இராணுவ அதிகாரியும் நானும் ஒரே விடயத்துக்குச் சிரித்தது இதுவே முதல் தடவை. இதைப் பதிவு செய்ய வேறு இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

இராணுவத்துக்குச் சொந்தமில்லாததை இராணுவம் விடுவிக்க முடியாது என்பது அவர்களின் நிலைப்பாடு. மோட்டார் வாகன அலுவலகத்திலோ கவச வாகனம் என்று ஒரு வகுப்பே இல்லை.

11. நிலையத்தில் நல்லெண்ணத்துடன் ஒரு வழி சொன்னார்கள். கவசத்தை அறுத்து அகற்றி, அதிகாரிகள் முன்னிலையில் அழித்துவிட்டால், மிஞ்சுவது கார். காரை ஒப்படைக்கலாம். முடிச்சை அவிழ்த்துப் பலகையை எங்களிடம் தந்தால், அதுவும் கவசத்தை விடுவித்ததாகிவிடுமாம். இதை நான் திரு. ஆழ்வாப்பிள்ளையிடம் தெரிவித்தேன். கலியாண மாதத்தில் ஓடவேண்டிய ஓட்டங்கள் எல்லாவற்றையும் இழந்துகொண்டிருப்பவர் அவர். சந்தியில் கார் நிற்கும் இடத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார். யாராவது கேட்டால், கார் பொலிஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது என்கிறார். அவர் சொன்னார்:

"பிள்ளையளின்ரை பலகையை வெட்டித்தான் என்ரை காரை எடுக்கவேணுமெண்டால், கார் கிடக்கட்டும் ரீச்சர். உது எங்கை ஓடப்போகுது?"

அன்று மாலையே சாருஜாவும் தர்சினியும் என்னிடம் வந்தார்கள். தர்சினி அதிகம் கதைக்காத பிள்ளை. அவள்தான் பேசினாள்.

"பலகையை வெட்டட்டும், ரீச்சர். ஐயா கதிரையிலை இருக்கிறதைப் பாத்துக்கொண்டு எங்களாலை பள்ளிக்கூடம் வர ஏலாது."

ஒரு தரப்பு சொன்னதை மறு தரப்பிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் யார் முதலில் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

12. தாமதத்தினால் நிலையத்துக்கும் சிரமம் உண்டு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பற்றறி இறங்காமல் இருக்கத் திரு. ஆழ்வாப்பிள்ளை காலைதோறும் அனுமதியுடன் வந்து காரை ஸ்ராட் செய்கிறார். ஒரு சிறு போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் பெற்றோல் விட்டால்தான் அது எழும்பும். அந்தக் கைப்பழக்கம் அவருக்கு மட்டுமே உண்டு. எழும்பும்போது வெடிக்கும். முறைப்பாடு கொடுக்க வந்த ஒருவர் வெடித்த சத்தத்துடன் முறைப்பாட்டை மறந்து வீடு திரும்பியதாகச் சொல்கிறார்கள். இதை நான் உறுதிப்படுத்தவில்லை. மேலும், மழை தொடங்கினால் பிளைவூட் ஊதிவிடும். அதன்பின் அது எந்தத் திணைக்களத்தின் வகைப்படுத்தலுக்கும் உட்படாத பொருளாகிவிடும்.

13. ஆகவே பின்வருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவில் உள்ள சொல்லைத் திருத்துவதற்கோ, திருத்தாமலே விடுவிப்பதற்கோ தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தி, வாகனம் 26ஆம் திகதிக்கு முன் முழுதாக ஒப்படைக்கப்பட வேண்டும். கண்காட்சி மண்டபம் வரை அதைப் பொலிஸ் காவலுடன் கொண்டுசெல்ல வேண்டுமானாலும் ஆட்சேபனை இல்லை. பிள்ளைகள் மிகவும் சந்தோசப்படுவார்கள்.

அது இயலாது, அது கவச வாகனமே என்பதுதான் முடிவு என்றால், அந்த முடிவை முத்திரையுடன் எழுத்தில் தரவேண்டும். காரணம் இதுதான்: உலகின் முதல் கவச வாகனங்களைச் செய்தவர்கள் அவற்றை ஒவ்வொரு படையின் வாசலுக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். போர் இல்லாத காலம். தளபதிகள் பார்த்தார்கள், சிரித்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். எனது மாணவிகளின் பிளைவூட் வாகனத்தை ஓர் அரச நிறுவனம் பார்த்த முதல் பார்வையிலேயே நம்பி, பதிவும் எழுதிவிட்டது. கண்காட்சி மேசையில் வாகனத்துக்குப் பதிலாக அந்தக் கடிதம் இருந்தால் நடுவர்கள் வேறொன்றும் கேட்கமாட்டார்கள்.

ஆயினும் கடிதத்தில் ஏறி வாடகைக்கு ஓட முடியாது. எனவே முதலாவது கோரிக்கையையே தாங்கள் பரிசீலிக்க வேண்டுமென வேண்டுகிறேன்.

14. கண்காட்சி முடிந்த அன்று மாலையே, ஒரு கயிறும் அறுபடாமல், எல்லா முடிச்சுகளும் கையால் அவிழ்க்கப்பட்டு, கார் காராகவே வீதிக்குத் திரும்பும் என்று உறுதி கூறுகிறேன். தாங்களோ தங்கள் பிரதிநிதியோ நேரில் வந்து பார்க்கலாம். திரு. ஆழ்வாப்பிள்ளையின் சம்மதமும் பெற்றுவிட்டேன். மறுநாள் அவருக்குக் கலியாண ஓட்டம் எதுவும் இருக்கக்கூடாது என்பது மட்டுமே அவரது நிபந்தனை. இரண்டு தடவை விசாரித்தேன். இல்லை.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து, ஒரு கதிரையின் சார்பிலும் இரண்டு பிள்ளைகளின் சார்பிலும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
பத்மாசினி சிவகுருநாதன்

இடம்: ஆலங்கொல்லை
திகதி: 15.09.2025

பிரதி: நிலையப் பொறுப்பதிகாரி, ஆலங்கொல்லை (வாகனத்தின் கதவுக் கண்ணாடியை மழைக்கு முன் ஏற்றிவிடுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.)